நீளமான கால் ப்ளஸ்

என் மனைவிக்கு நூல் பிசிறு ஆகாது. தைத்து முடித்த துணியில் எங்கேயாவது ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் முன் சீட்டில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளின் காலரில் நூல் தொங்கினால்கூட, கைப்பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து அவர் அறியாமல் வெட்டிவிடுவாள். ஒருமுறை வெட்டப் போகும்போது அந்த மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டார். கழுத்துக்குப் பக்கத்தில் கத்தரியோடு ஒருத்தி நின்றால் யாருக்குத்தான் குலை நடுங்காது? அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடிவிட்டார். "பாவம், பிசிறோடயே போறாரே" என்று இவளுக்கு அதுதான் கவலை.

இந்தப் பிசிறு வியாதி பின்னால் எங்கள் வீட்டில் ஒரு பெரிய கூத்துக்குக் காரணமாயிற்று. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவளைப் பற்றித் தெரியாமல் அதைச் சொன்னால் புரியாது.

அவள் ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். பல் டாக்டர் கிளினிக்குக்கும் சாவி வெட்டுகிறவர் கடைக்கும் நடுவில், கதவைவிடக் கொஞ்சம் அகலமான ஓர் அறை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு கண்ணாடி, அவள். ஐந்தாவதாக ஓர் ஆள் உள்ளே போக வேண்டுமென்றால் ஸ்டூல் வெளியே வர வேண்டும். பல் பிடுங்க வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இவள் கடை வாசலில்தான் உட்காருவார்கள். வலி மறக்க இவளிடம் பேச்சுக் கொடுப்பார்கள். போகும்போது ஒரு ஜிப் மாற்றக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இருபத்தாறு வருஷமாக அந்த அறையில் இருக்கிறாள். கல்யாணமான புதிதில் ஒரு கோட்டுக் கம்பெனியில் மூன்று வருஷம் தையல் பிரிக்கிற வேலை மட்டும் பார்த்தாள். "தைக்கிறது யாரு வேணா தைப்பாங்க. துணிக்கு வலிக்காம பிரிக்கத் தெரியணும்" என்பாள். நான் அவளை 'முதலாளியம்மா' என்று கூப்பிடுவேன். அவள் என்னை 'டிரைவர் சார்' என்பாள்.

ஆமாம், நான் டிரைவர். முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் ஓட்டினேன். அந்தக் காலத்து வண்டியில் என்ஜின் டிரைவருக்குப் பக்கத்திலேயே, கூடப் பிறந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கும். முப்பத்தோரு வருஷமும் என் காதுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்று இறங்கியபோது பென்ஷனை என்னிடம் கொடுத்துவிட்டு, காதை அது எடுத்துக்கொண்டது. இப்போது இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அப்போதெல்லாம் எனக்குக் காது கேட்காது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். டிவியில் கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொள்வேன். மனிதர்கள் பேசினால் வாயைப் பார்த்துச் சமாளிப்பேன். அதுவும் முடியாவிட்டால் தலையாட்டிவிடுவேன். தலையாட்டினால் உலகத்தில் முக்கால்வாசிப் பேர் திருப்தியாகப் போய்விடுகிறார்கள்.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைக்க முடியும்? ஒரு நாள் டீக்கு வெந்நீர் வைத்துவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தேன். தண்ணீர் வற்றி, பாத்திரம் கருகி, பிடி உருகி, புகை மாடிவரை போயிருக்கிறது. மாடி வீட்டு நர்ஸம்மா இறங்கி வந்து கால் மணி நேரம் பெல் அடித்திருக்கிறார், கதவைத் தட்டியிருக்கிறார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் என் மனைவிக்குப் போன் செய்ய, அவள் கழுத்தில் டேப்போடு ஓடி வந்து கதவைத் திறந்தாள். வாயில் இரண்டு குண்டூசி அப்படியே இருந்தது. எனக்குச் சந்தோஷம் வேறு: "என்ன முதலாளியம்மா, இன்னைக்குச் சீக்கிரம்?" என்று கேட்டேன்.

அவள் திட்டவில்லை. அடுப்பை அணைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், குண்டூசியை எடுத்து முந்தானையில் குத்தினாள், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் வெளியூரிலிருக்கும் மகளுக்குப் போயிற்று. மகள் கறார்ப் பேர்வழி. யார் மாதிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "அப்பாவைத் தனியா விட முடியாதும்மா. ரெண்டு மாசத்துல லீவுக்கு வரேன். அதுக்குள்ள ஒண்ணு, வீட்டுல யாரு பெல் அடிச்சாலும் அப்பா கதவைத் திறக்கணும். இல்ல, நீ கடையை மூடிட்டு வீட்டுல இரு" என்று சொல்லிவிட்டாள்.

கடையை மூடுவதா! இவளிடமிருந்து அந்த அறையைப் பிடுங்குவதும் மீனைக் கரையில் போடுவதும் ஒன்று. நான் வீறாப்பாக, "எனக்கெல்லாம் நல்லாத்தான் கேக்குது. அன்னைக்கு மேட்ச் சத்தம்" என்றேன். அவள் முதலில், பெல் அடித்தால் விளக்கு மின்னுகிற ரெடிமேட் மணி ஒன்று வாங்கி வந்தாள். பெட்டியின் மேல் ஒரு காது படம், அதன் குறுக்கே ஒரு கோடு. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "இது செவிடனுக்கு விக்கிறது. இந்த வீட்டுல செவிடன் யாரு?" என்று அதைத் தூக்கிப் பரணில் எறிந்தேன். அவள் சண்டைக்கு வராவிட்டால் மனசுக்குள் ஏதோ வெட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

ஒரு வாரம் கழித்து, "நான் படிக்கப் போறேன்" என்றாள்.

"என்ன படிப்பு?"

"மைக்ரோகன்ட்ரோலர்."

வாயைப் பார்த்தும் பிடிபடவில்லை. அளவு எழுதுகிற நோட்டில் எழுதிக் காட்டினாள். பக்கத்துக் கடை சாவிக்காரர் கம்ப்யூட்டரில் வீடியோப் பாடம் பார்த்துப் பார்த்து, ஷட்டரைத் திறந்தால் தானாக எரியும் விளக்கு செய்திருக்கிறாராம். ஒரு சின்ன போர்டு; அதில் நாம் எழுதி ஏற்றுகிறபடி விளக்கு எரியும், அணையும், மணி அடிக்கும். "ஜிப் மாத்தத் தெரிஞ்ச உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்று அவர் ஏற்றிவிட்டிருக்கிறார். ஐம்பத்தைந்து வயதில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் நினைத்தேன். எதற்காகப் படிக்கிறாள் என்று தெரியாத அளவுக்கு நான் மடையன் இல்லை. ஆனால் தெரியாத மாதிரி இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது.

பாடத்தோடு கூடவே செய்து பார்க்க ஒரு கிட் வேண்டும். சனிக்கிழமை இரண்டு பேரும் எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பில், "பேரனுக்காம்மா?" என்றார்.

"எனக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மேஜைமேல் மூன்று கிட் வந்தது. ஒன்று சூட்கேஸ் அளவு. முப்பத்தேழு வகை சென்சார், ஒரு குட்டி மோட்டார், ரிமோட், என்னென்னவோ அறை அறையாக. அடேயப்பா, பார்த்தாலே கை பரபரத்தது. இன்னொன்று பிளாஸ்டிக் உறையில் போட்ட சின்னது. நடுவில் ஒன்று, டிபன் பாக்ஸ் அளவு.

மற்றவர்கள் என்றால் அட்டைப் படத்தைப் பார்ப்பார்கள். இவள் துணி வாங்குகிற மாதிரி வாங்கினாள். மூன்றையும் திறக்கச் சொன்னாள். சாவிக்காரர் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருந்தாள். "பாடத்துல காட்டுற அதே போர்டுதானா இது?" என்று பெரிய பெட்டியைக் காட்டிக் கேட்டாள்.

"அதைவிட நல்லதும்மா. லேட்டஸ்ட்."

"நல்லது எனக்கெதுக்கு? அதே மாதிரி வேணும். அளவு சட்டையை வச்சுத்தானே வெட்டணும்? வேற சட்டையை வச்சா எப்படி?"

சின்ன உறையைத் தடவிப் பார்த்தாள். போர்டு தனியாக, அதன் ஊசிக் கால்கள் தனியாக ஒரு பொட்டலத்தில் கிடந்தன. "இதை யாரு ஒட்டுறது?" என்றாள். அதற்குச் சூடான கம்பியும் ஈயமும் வாங்கி நாமே பற்ற வைக்க வேண்டுமாம். "முதல் நாளே கோட்டு தைக்கச் சொல்றீங்களா?" என்று அதையும் தள்ளிவிட்டாள்.

நடுப்பெட்டியில் அதே போர்டு, கால்கள் ஒட்டியே இருந்தன. பத்துச் சின்ன எல்இடி விளக்கு, கோடு கோடாக நிறம் போட்ட ரெசிஸ்டர்கள், பட்டன், கொஞ்சம் ஒயர், எல்லாவற்றையும் சும்மா செருகி எடுக்க ஓட்டை ஓட்டையான ஒரு பலகை. அதோடு விட்டாளா? "ஒரு விளக்கு போயிடுச்சுன்னா அதே விளக்கு தனியாக் கிடைக்குமா?" என்றாள். கிடைக்கும் என்றார். "இந்தக் கேபிளைக் கம்ப்யூட்டர்ல மாட்டிக் காட்டுங்க." மாட்டினார். போர்டில் லைட் எரிந்தது. ஆனால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளாம், எழுதியதைக் கொண்டுபோகாதாம். யானையை வாங்கிவிட்டு அங்குசம் இல்லாமல் வீட்டுக்குப் போயிருப்போம். கடைக்காரர் முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று. வேறு கேபிள் எடுத்துப் போட்டார்.

நடுப்பெட்டிதான் என்று முடிவாயிற்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள், கடைக்காரர் சூட்கேஸ் கிட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இது எதுக்கு?"

"சார்கிட்ட கேட்டேனே, பெரிசே போட்டுடவான்னு. ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் தலையாட்டினாரே!"

எனக்கு மூஞ்சி சுண்டிப் போயிற்று. அந்த இடத்தில் அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் கடைக்காரரிடம் சொன்னாள்: "அவர் எல்லாத்துக்கும் தலையாட்டுவாருங்க. எங்க கல்யாணத்தன்னைக்கு ஆரம்பிச்சது." கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள்மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று அந்தக் கடையில் நின்றுகொண்டு நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளுடைய பழைய லாப்டாப்பைத் தூசி தட்டினாள். கிட்டில் இருந்ததையெல்லாம் பட்டன் டப்பாக்களில் பிரித்து வைத்தாள். மறுநாளிலிருந்து கடை முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் பாடம். திரையில் ஒரு பெண், சிரித்த முகம், நிதானமாகச் சொல்வாள். கீழே எழுத்து ஓடும். நான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து அதைத்தான் படிப்பேன். இரண்டாவது பாடத்திலேயே போர்டில் இருந்த குட்டி விளக்கு இவள் எழுதியபடி மின்னியது. குழந்தை முதல் அடி வைத்த மாதிரி கையைத் தட்டினாள்.

ஐந்தாம் பாடம், வரிசையாக எட்டு விளக்கு. அங்கேதான் வந்தது வினை. எட்டில் நான்கு எரிந்தது, நான்கு எரியவில்லை. ஒயரை மாற்றினாள். ரெசிஸ்டரை மாற்றினாள். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செருகினாள். இப்போது வேறு மூன்று எரியவில்லை. மூன்று நாள் இதே கதை. "மட்டமான விளக்கு" என்று கம்பெனிக்காரனைத் திட்டினாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

அவள் பதிலுக்குப் பதில் கொடுப்பாள் என்று பார்த்தால், கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். இருபத்தாறு வருஷத்தில் தூங்கும்போது தவிர அவள் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. "எனக்கு இது வராதுங்க. அவ வர இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. கடையை மூடிடறேன், போங்க" என்றாள். எனக்குத் தெளிவாகக் காட்டி, வாயை அசைத்து, மெதுவாகச் சொன்னாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் அவள் மேஜையைப் பார்த்தேன். குண்டூசி டப்பாவின் மூடியில் பொடிப் பொடியாகக் கம்பித் துண்டுகள் கிடந்தன. நகம் வெட்டின மாதிரி.

"இது என்ன?"

"விளக்கோட காலு. ஒரு காலு நீளம், ஒரு காலு குட்டை. வெட்டத் தெரியாதவன் வெட்டி அனுப்பியிருக்கான். வந்த அன்னைக்கே பத்தையும் சமமா நறுக்கிட்டேன். பேன்ட்டுல இப்படி ஒரு காலை நீட்டிக் கொடுத்தா மூஞ்சில எறிய மாட்டாங்க?"

எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் ஆத்திரமும் வந்தது. "அடியேய்! அது அளவுடி! நீளமான கால் ப்ளஸ், குட்டைக் கால் மைனஸ். மாத்திச் செருகினா எரியாது. ரெண்டாம் பாடத்துலேயே அந்தப் பொண்ணு சொன்னாளே! காலை வெட்டியிருந்தாக்கூட விளிம்பைத் தடவிப் பாரு, ஒரு பக்கம் தட்டையா இருக்கும், அது மைனஸ்னு சொன்னாளே! காதுல வாங்கலையா நீ?"

அவள் காதிலிருந்து மெதுவாக ஹெட்போனை எடுத்தாள். கடையில் கை ஓயாமல் போன் பேச எப்போதும் மாட்டியிருக்கிற குட்டி ஹெட்போன். அது அவள் உடம்போடு ஒட்டிய உறுப்பு மாதிரி. நான் அதைக் கவனிப்பதே இல்லை.

"நான் அன்னைக்கு ஒயரை உரிச்சிட்டிருந்தேன், கவனிக்கலை" என்றாள். "உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"பக்கத்துல உக்காந்திருக்கேன். லாப்டாப் பேசுறது காதுல விழாதா?"

"லாப்டாப்ல ஸ்பீக்கர் போயே ஒரு வருஷமாச்சுங்க. சத்தம் இதுல மட்டும்தான் வரும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் இரண்டு வாரமாக ஊமை லாப்டாப்பின் பக்கத்தில் உட்கார்ந்து, அது சத்தமாகப் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். தலையாட்டிச் சமாளிக்கவும் வழியில்லை.

"சரி" என்றேன். "கேக்கலை."

"எத்தனை நாளா?"

"நாளா? வருஷமா. நீ சமையல்கட்டுலேருந்து பேசினா ஒண்ணுமே கேக்காது. தெருவுல ஹாரன் கேக்காது. பாதி வறட்டு கௌரவம்தான், ஒத்துக்கறேன். மீதி... கேக்கலைன்னு சொன்னா நீ கடையை மூடிடுவே. நான் டிவி பாக்குறதுக்கு நீ காவல் உக்காரணுமா? அதுக்கு நான் செவிடன் இல்லைன்னே செத்துடறேன்."

"வாயைக் கழுவுங்க" என்றாள். அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு விளக்கை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விளிம்பை விரல் நுனியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரே துணியில் உள்பக்கம் வெளிப்பக்கத்தைத் தடவியே சொல்கிற விரல் அது. "இங்க தட்டை" என்றாள். எட்டையும் அப்படியே தடவித் தடவிச் செருகினாள். எட்டும் எரிந்தது. நான் ஆணியிலிருந்து டேப்பை எடுத்து அவள் கழுத்தில் போட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே படித்தோம். அவள் காது, நான் கண். எம்பிராய்டரி வளையத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, பின்னால் எட்டு விளக்கையும் வைத்து, டிவிக்கு மேலே மாட்டினாள். இன்னொரு வளையம் சமையலறையில். வாசல் பட்டனிலிருந்து வரும் ஒயரை எங்கே ஒளிப்பது என்று யோசித்து, திரைச்சீலையின் ஓரத்து மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டாள், பிசிறு தெரியாமல். பட்டனை அமுக்கினால் இரண்டு முறை மின்னும், கொஞ்சம் நிற்கும், மறுபடி இரண்டு முறை.

"ஏன் ரெண்டு?" என்றேன்.

"கண்டக்டர் ஒரு மணி அடிச்சா நிறுத்தணும், ரெண்டு மணி அடிச்சா கிளம்பணும். முப்பத்தோரு வருஷம் அதுக்குத்தானே கிளம்பினீங்க, டிரைவர் சார்? எழுந்து போய்க் கதவைத் திறங்க."

காது டாக்டரிடமும் போய் வந்தேன். அடுப்பைப் பற்ற வைத்தால் அணைக்கிறவரை சமையலறையை விட்டு நகர்வதில்லை என்று அவள் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை வருகிறேன் என்று சொன்ன மகள் புதன்கிழமையே வந்து நின்றாள். வேண்டுமென்றேதான்; அவள் யார் மகள்? மத்தியானம், அவள் அம்மா கடையில். நான் டிவியில் முழுகியிருந்தேன். வெள்ளைத் துணி இரண்டு முறை மின்னியது. எழுந்தேன். அடுத்த இரண்டு மின்னி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டேன்.

மகள் பெட்டியோடு நின்றாள். கண் அகலமாக விரிந்தது. "அப்பா! கேட்டுச்சா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். கழுத்து பழக்கதோஷத்தில் அசையப் பார்த்தது.

"கேக்கலைம்மா. எனக்குக் காது போயிடுச்சு. லைட் எரிஞ்சுது, வந்தேன்" என்று சொல்லி, டிவிக்கு மேலே காட்டினேன்.

அவள் வளையத்தைப் பார்த்தாள். திரையோரத் தையலை விரலால் தடவிக்கொண்டே வாசல்வரை போனாள். பட்டனை அமுக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் முகத்துக்கு நேராக நின்று, நிதானமாகக் கேட்டாள்.

"அம்மா எங்கப்பா?"

"எங்க இருப்பா? கடையில."

பெட்டியைத் திறந்து எதையோ ஒரு பையில் சுருட்டி எடுத்துக்கொண்டாள். வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் நடந்தோம். கடை வாசலில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவள் மெஷினில் குனிந்திருந்தாள். வாயில் இரண்டு குண்டூசி. நிமிர்ந்து மகளைப் பார்த்தவள், அடுத்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு விரலைக் காட்டினேன்.

அவள் எழுந்திருப்பதற்குள் மகள் பையிலிருந்ததை மெஷின்மேல் வைத்தாள். ஒரு கறுப்பு பேன்ட்.

"கால் நீளமா இருக்கும்மா. ரெண்டு இன்ச் மடிச்சுத் தைக்கணும்."

என் மனைவி வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் முதலாளி முதலாளிதான்.

"முன்னாடி ஆறு பேர் இருக்காங்க" என்றாள். "வரிசையில வை. வெள்ளிக்கிழமைதான் கிடைக்கும்."